கிணற்றுக்குத் தெரியாத சொல்

நான் சொல்லப்போவதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. எரிகிற கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன். கற்பூரம் மட்டும் நீங்கள் வாங்கித் தர வேண்டும்.

நம்பிக்கை இல்லாதவர்கள் இப்போதே எழுந்து விளையாடப் போகலாம். எனக்கு வருத்தமில்லை. மற்றவர்கள் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

அறுபத்தெட்டாம் வருடம், பங்குனி மாதம். பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெரு. இரண்டு பக்கமும் தறி வீடுகள். காலையில் தறிகள் ஓட ஆரம்பித்தால் காக்கைகள்கூட அந்தத் தாளத்துக்குத்தான் கத்தும். தெருவின் நடுவே ஒரு கிணறு.

சாதாரணக் கிணறு என்றால் நாம் கத்தியதை அப்படியே திருப்பிக் கத்தும். எங்கள் கிணறு அப்படியில்லை. அதற்கு வயது அதிகம். நாம் ஒரு புதுச் சொல்லைச் சொன்னால், அதே பொருளுக்குப் பழைய காலத்துப் பெயரைத் திருப்பிச் சொல்லும்.

மேலே செங்கல் கட்டு இருந்தது. அங்கிருந்து வருவது அம்மா காலத்துப் பெயர். அதற்குக் கீழே கருங்கல். அங்கிருந்து தாத்தா காலத்துப் பெயர் வரும். இன்னும் கீழே பாசி பிடித்த பாறை. அங்கிருந்து வரும் பெயரை யார் காலத்தது என்று சொல்ல ஆளே இல்லை. கீழே போகப் போகக் குரலும் கிழடாகிக்கொண்டே போகும்.

"பக்கெட்டு" என்று கத்தினால், "வாளி" என்று ஒரு குரல் வரும். பிறகு கொஞ்சம் கரகரப்பாக, "தோண்டி" என்று வரும்.

"லெட்டர்" என்றால், "கடுதாசி... ஓலை..." என்று இறங்கிப் போகும்.

"ஷர்ட்டு" என்றால், "சட்டை... அங்கி..." என்று வரும். அதற்குக் கீழே சத்தமே வராது. அந்தக் காலத்தில் யாரும் போட்டுக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

பக்கத்துத் தெருவில் தெலுங்கு பேசுகிற வீட்டுப் பிள்ளைகள் வந்து கத்தினால் பழைய தெலுங்கில் பதில் வரும். அது அவர்களுக்கும் புரியாது, எங்களுக்கும் புரியாது. சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டு போய்விடுவார்கள்.

இதையெல்லாம் எங்கள் தெருவில் யாரும் அதிசயமாக நினைத்ததில்லை. மற்ற ஊர்க் கிணறுகள் நாம் சொன்னதையே திருப்பிச் சொல்லும் என்று ஒருமுறை பேச்சு வந்தது. எதிர்வீட்டுப் பூவம்மாள் முந்தானையால் விசிறிக்கொண்டே, "ஐயோ பாவம், அதுங்களுக்குச் சொந்தமா ஒண்ணும் தெரியாது போல" என்றாள்.

அந்தக் கிணற்றுக்கு ஒரு சிநேகிதி இருந்தாள். பெயர் ஏலவார்குழலி. நெசவாளர் நமச்சிவாயத்தின் மகள். வயது பத்து. முழுப்பெயரையும் சொல்லிக் கூப்பிட்டு முடிப்பதற்குள் அவள் தெருக்கோடிக்குப் போய்விடுவாள் என்பதால், எல்லோருக்கும் அவள் குழலி.

பள்ளிக்கூடம் போகும்போது கிணற்றுக்கு ஒரு சொல்லைக் கொடுப்பாள். பழைய சொல்லை வாங்கிக்கொள்வாள். அதை வாய்க்குள் கற்கண்டுபோல் அடக்கிக்கொண்டு பள்ளிவரை நடப்பாள்.

அந்தப் பங்குனியில் குழலியின் மாமா சென்னையிலிருந்து ஒரு பொருளை வாங்கிவந்தார். சிவப்பு நிறத்தில் ஒரு பக்கெட்டு. இரும்பு இல்லை. பித்தளை இல்லை. பிளாஸ்டிக்.

எங்கள் தெரு பார்த்த முதல் பிளாஸ்டிக் அதுதான். ஆளாளுக்கு வந்து தட்டிப் பார்த்தார்கள். மோந்து பார்த்தார்கள். பூவம்மாள் ஒற்றை விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னாமா இது, காத்தையே வளைச்சுப் பண்ணியிருக்கான்" என்றாள்.

குழலியின் அம்மா காமாட்சியம்மாள் அதைச் சுவரில் ஆணி அடித்து மாட்டினாள். கண்டிப்பாக ஓர் உத்தரவும் போட்டாள்.

"யாரும் இதுல தண்ணி பிடிக்கக் கூடாது. நனைஞ்சா சாயம் போயிடும்."

குழலி நேராகக் கிணற்றடிக்கு ஓடினாள். இவ்வளவு புதுச் சொல்லுக்கு எவ்வளவு பழைய சொல் கிடைக்கும்? கைப்பிடிச் சுவரில் வயிற்றை அழுத்திக் குனிந்தாள்.

"பிளாஸ்டிக்."

பதில் இல்லை.

"பிளாஸ்டிக்."

செங்கல் பேசவில்லை. கருங்கல் பேசவில்லை. மூன்றாவது முறை சொன்னபோது அடியில், பாசிப் பாறைப் பக்கம், யாரோ தலையைச் சொறிவதுபோல் ஒரு சத்தம் வந்தது. அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் தண்ணீர் ஒரு முழம் இறங்கியிருந்தது. அதற்கடுத்த நாள் மூன்று முழம். நான்காம் நாள் எல்லோருடைய வாளியும் அடியில் பாறையில் மோதி, 'ணங்' என்றது. அதுமட்டுமல்ல, கிணறு எந்தச் சொல்லுக்கும் பதில் சொல்வதை நிறுத்திவிட்டது. ஒரே யோசனை.

தெருவே கிணற்றைச் சுற்றிக் கூடியது.

"எல்லாம் இந்தக் குழலியால வந்தது" என்றாள் பூவம்மாள். "சும்மா இருந்த கிணத்தைக் கேள்வி கேட்டுக் கேட்டு வறள வெச்சிட்டா."

"நான் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டேன்" என்றாள் குழலி.

"அந்த ஒண்ணுதான் தொண்டையில மாட்டிக்கினு இருக்குது. பழைய பேரை நாமளே எடுத்துக் கொடுத்துட்டா சரியாப் போயிடும்."

உடனே ஆளுக்கு ஒரு பெயரைக் கிணற்றுக்குள் போட்டார்கள்.

"அரக்கா?" என்றார் ஒருவர்.

"ரப்பரா?" என்றார் இன்னொருவர்.

"மெழுகா பாரு. இல்லேன்னா மாட்டுக் கொம்பா? நல்லா நெனைச்சுப் பாரு" என்றாள் பூவம்மாள்.

செய்தி கேட்டுத் தமிழ் வாத்தியார் திருஞானசம்பந்தம் வந்துசேர்ந்தார். குழலியின் வகுப்பு வாத்தியாரும் அவர்தான். எல்லாப் பொருளுக்கும் தமிழில் பெயர் உண்டு, இல்லாவிட்டால் சாயங்காலத்துக்குள் வைத்துவிடலாம் என்பது அவர் கொள்கை. ஒரு தாளில் ஏழு பெயர்கள் எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

"வளைபிசின்" என்றார் கிணற்றைப் பார்த்து. பிறகு, "குழைவார்ப்பு." பிறகு, "நொய்ம்மென்தகடு."

ஏழும் சொல்லி முடித்தார். அதற்குள் அடியில் மிச்சமிருந்த தண்ணீரில் பாதி போய்விட்டது. நான் பக்கத்தில்தான் நின்று பார்த்தேன்.

புதன்கிழமை தாமலிலிருந்து கிணறு வெட்டும் பழனி வந்தார். கயிற்றை விட்டு அளந்தார். வெற்றிலையை மென்றார். மறுபடி அளந்தார்.

"ஊத்துக்கண்ணு அடைச்சிக்கினு இருக்குதுபா" என்றார். "அடியில இருக்கற பாறையில மூணு வேட்டு வெச்சா தண்ணி பிச்சிக்கினு வரும். வெள்ளிக்கிழமை காத்தால வரேன்."

குழலி அவர் முன்னால் போய் நின்றாள். "வேட்டு வெச்சா கிணறு பேசுமா?"

"பேசறதா? பாறையே தூள் தூளாப் பூடும்மா. மேல இருக்கற கல்லும் செங்கல்லும் நிக்காது. எல்லாத்தையும் எடுத்துட்டு சிமெண்ட்டு உறை எறக்கித் தரேன். தண்ணி வரும். பேச்சு எல்லாம் வராது."

பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பேச்சா, தண்ணீரா என்றால் தண்ணீர்தானே. சரி என்று தலையாட்டிவிட்டார்கள்.

அன்று மாலை குழலி அப்பாவின் தறிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"வேட்டு வேணாம்பா."

நமச்சிவாயம் குறுக்கு நூல் ஓட்டும் நாடாவைக் கையில் நிறுத்தினார். "தண்ணி இல்லாம இன்னா பண்றது கண்ணு? சோறு ஆக்கணும், பட்டு அலசணும். தெருவே அந்தக் கிணத்தை நம்பித்தானே இருக்குது."

"என்னாலதான் அதுக்கு இப்படி ஆச்சா?"

"அதுக்கு வயசாயிடுச்சு. உன்மேல தப்பு ஒண்ணும் இல்ல" என்றார் அவர். ஆனாலும் குழலிக்குச் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை காலை வகுப்பில் திருஞானசம்பந்தம் இலக்கணம் நடத்திக்கொண்டிருந்தார். குழலியின் உடம்பு பெஞ்சில் இருந்தது. மனசு கிணற்றடியில் இருந்தது.

"ஏலவார்குழலி, எழுந்திரு. ஆகுபெயருக்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்லு."

குழலி எழுந்தாள். அவளுக்குத் தெரியவில்லை.

"ம், சொல்லு."

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"யோசித்துப் பார். நேற்றுதானே நடத்தினேன். சொல்லு, சொல்லு."

அவர் ஒவ்வொரு முறை "சொல்லு" என்னும்போதும் அவள் வாயிலிருந்த ஈரம் இன்னும் கொஞ்சம் குறைந்தது. கடைசியில் வாய்க்குள் ஒரு துளிகூட இல்லை. தொண்டை சொரசொரவென்று வறண்டு போயிற்று.

அப்போதுதான் அவள் கண்கள் அகல விரிந்தன.

"தண்ணி வத்திப் போச்சு சார்" என்றாள்.

வகுப்பே சிரித்தது.

"எங்கே வற்றிப் போயிற்று?"

"வாயில சார். சார், தெரியலைன்னா தெரியாதுன்னு சொல்லலாமா சார்?"

வாத்தியார் சாக்பீஸை மேசைமேல் வைத்தார். இருபது வருடங்களில் இந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை.

"சொல்லலாமே" என்றார்.

"தெரியாது சார்."

"சரி, உட்கார்."

குழலி உட்கார்ந்தாள். நாக்கைப் புரட்டிப் பார்த்தாள். வாயில் மெல்ல ஈரம் ஊறிக்கொண்டிருந்தது.

மதியம் சாப்பாட்டு மணி அடித்ததும் ஓடினாள்.

பங்குனி மதியத்தில் எங்கள் தெருவை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தறிகள் எல்லாம் ஓய்ந்திருக்கும். மூங்கிலில் காயும் பட்டு நூல் மஞ்சளும் பச்சையுமாக, காற்றே இல்லாமல், தானாக ஆடும். வெயில் தரையிலிருந்து கண்ணாடிபோல் எழும்பும். அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் கோபுரம் கண்ணை மூடிக்கொண்டு அசையும். நாய், கோழி, தறிக்காரர்கள், அவர்கள் விரலில் ஒட்டியிருந்த ஜரிகைத் துணுக்கு எல்லாம் தூங்கும். அன்று தெருவே தூக்கத்தில் ஒரு சாண் உயரம் மிதந்துகொண்டிருந்தது. நான் அளந்தேன்.

காமாட்சியம்மாளும் உறங்கிக்கொண்டிருந்தாள். குழலி முக்காலியில் ஏறி ஆணியிலிருந்து சிவப்பு பக்கெட்டை எடுத்தாள். கிணற்றடிக்குப் போய் அதைக் கயிற்றில் கட்டினாள்.

பிறகு குனிந்து, காதோடு பேசுவதுபோல் பேசினாள்.

"கிணறே, நான்தான் குழலி. நீ பாக்காத ஒண்ணைக் காட்டாமலே பேரு கேட்டுட்டேன். அது தப்பு. உனக்குத் தெரியலைன்னா தெரியாதுன்னு சொல்லிடு. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. இதுக்குப் பழைய பேரு இருக்கோ இல்லையோ, எனக்கும் தெரியாது. இந்தா, அனுப்பறேன். நல்லாத் தொட்டுப் பாரு."

கயிற்றை விட்டாள். பக்கெட்டு செங்கல்லைத் தாண்டியது. கருங்கல்லைத் தாண்டியது. அடியில் ஒரு தாம்பாளம் அளவுக்குத் தண்ணீர் மிச்சமிருந்தது. அதில் போய் மெத்தென்று உட்கார்ந்தது.

உட்கார்ந்தது, மூழ்கவில்லை.

அந்தக் கிணறு தன் ஆயுளில் எத்தனையோ வாளிகளைப் பார்த்திருக்கிறது. வந்த வாளி எல்லாம் கனத்தோடு நேராக வயிற்றுக்குள்தான் இறங்கும். இதுவோ மேலேயே நின்றது. லேசாகச் சாய்ந்தது, சுற்றியது. ஒரு சுவரைப் போய்த் தொட்டது, திரும்பியது, அடுத்த சுவரைத் தொட்டது. உள்ளே வயதானவர்கள் வட்டமாக உட்கார்ந்து, கை மாற்றிக் கை மாற்றிப் பார்ப்பதுபோல் இருந்தது.

பாசிப் பாறைக்குக் கூச்சம் தாங்கவில்லை. 'க்ளுக்' என்று ஒரு சிரிப்பு வந்தது.

அதற்குப் பிறகு, யாருமே கேட்டிராத அளவுக்கு ஆழத்திலிருந்து, மிக மிகக் கிழட்டுக் குரல் ஒன்று எழுந்தது.

"தெ... ரி... யா... து."

"எனக்கும் தெரியாது" என்றது கருங்கல்.

"சத்தியமாத் தெரியாது" என்றது செங்கல்.

மூன்று குரல்களும் ஒன்றாகப் பெருமூச்சு விட்டன. ஊற்றுக்கண் திறந்தது. தண்ணீர் பாறையை மூடிக்கொண்டு மேலே வர ஆரம்பித்தது.

"பரவாயில்ல" என்றாள் குழலி. "இதுக்குப் பேரு பிளாஸ்டிக்."

"பிளாஸ்டிக்கு" என்றது செங்கல், நல்ல பிள்ளைபோல்.

"பெலாஷ்டிக்கு" என்றது கருங்கல்.

பாசிப் பாறை நேரம் எடுத்துக்கொண்டது. இரண்டு முறை தொண்டையைச் செருமியது. "பிலாச்சு... திக்கு" என்றது. சொல்லிவிட்டுத் தனக்குத்தானே இன்னொருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டது.

குழலி கயிற்றை இழுக்கவே வேண்டியிருக்கவில்லை. தண்ணீர் பக்கெட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு முழம் முழமாக ஏறிவந்து அவள் கையில் கொடுத்தது. அதோடு நிற்காமல் கைப்பிடிச் சுவரைத் தாண்டி வழிந்து, பூவம்மாள் வீட்டு வாசல் கோலத்தை அழித்துவிட்டுத்தான் ஓய்ந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் பழனி இரண்டு ஆட்களோடும், ஒரு மூட்டை வேட்டு மருந்தோடும் வந்தார். கிணற்றை எட்டிப் பார்த்தார். அவர் முகம் அவருக்கே தண்ணீரில் தெரிந்தது.

"இன்னாத்துக்குபா என்னைக் கூப்பிட்டீங்க?"

"கோச்சுக்காதேபா" என்றாள் பூவம்மாள். "வெயில்ல வந்திருக்கே. ஒரு டம்ளர் மோர் குடிச்சிட்டுப் போ."

"லோட்டா..." என்றது கிணறு. "குவளை..."

பழனி மோருக்காகக் காத்திருக்கவில்லை. தாமல் போய்த்தான் திரும்பிப் பார்த்தாராம்.

பூவம்மாள் குழலியின் பக்கம் திரும்பினாள். "எம்மா குழலி, நேத்து யாரோ என் கோலத்தை அழிச்சிட்டாங்க. ஆளு கெடைச்சா சொல்லு, ஒரு கை சுண்டல் தரணும்" என்றாள்.

காமாட்சியம்மாள்தான் கோபமாக இருந்தாள். பக்கெட்டை வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். உள்ளே பார்த்தாள், வெளியே பார்த்தாள்.

"சாயம் போகலையே" என்றாள் கடைசியில். "அப்போ இன்னாத்துக்குச் சும்மா ஆணியில தொங்கிக்கினு இருக்குது? போய் ரெண்டு பக்கெட்டு தண்ணி எடுத்துக்கினு வா."

அன்று சாயங்காலம் திருஞானசம்பந்தம் கிணற்றடிக்கு வந்தார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு குனிந்தார். குழலி ராட்டினத் தூணுக்குப் பின்னால் நின்றதை அவர் கவனிக்கவில்லை.

"பேருந்து" என்றார்.

கிணறு ஒரு கணம் யோசித்தது. ஒரே ஒரு கணம்தான்.

"தெரியாது சார்" என்று மூன்று குரல்களும் உற்சாகமாகச் சொல்லின.

வாத்தியார் மேல்துண்டை மடித்துக் கைப்பிடிச் சுவரில் போட்டு உட்கார்ந்தார். பேருந்து என்றால் என்ன, அதற்கு எத்தனை சக்கரம், எந்தப் பக்கம் ஏற வேண்டும், கண்டக்டர் எப்போது விசில் அடிப்பார் என்று பொறுமையாக விளக்க ஆரம்பித்தார். நடுவில் குழலியும் வந்து உட்கார்ந்து விசில் சத்தத்தைச் செய்து காட்டினாள். பேருந்து சென்னை போய்ச் சேரும்வரை கிணறு 'உம்' கொட்டிக் கேட்டுக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். எனக்கு இரண்டு வயதில் அம்மை போட்டு இரண்டு காதும் போய்விட்டன. அன்றுமுதல் இன்றுவரை நான் ஒரு சத்தமும் கேட்டதில்லை.